நாமக்கல்காரனுக்குக் கோழி தெரியும்

வாங்க தம்பி, வாங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மோகனூர் செல்லமுத்து மகன்தானுங்களே? எத்தியோப்பியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போறீங்கன்னு அப்பா ஃபோன்ல சொன்னாரு. எந்த ஊருன்னு கேட்டேன், சொன்னாரு. நான் ஆறு வருசம் இருந்த அதே ஊரு, அதே யூனிவர்சிட்டி.

பயப்பட ஒண்ணுமில்ல. குளிர் இருக்கும், நம்ம ஊட்டி அளவுதான். புளி, மிளகாய்த்தூள், ஒரு குக்கர், அதுக்கு ரெண்டு கேஸ்கெட் கூடுதலா. அது போதும். பசங்க தங்கமான பசங்க. வாத்தியார் உள்ள வந்தா எழுந்து நிப்பாங்க, நம்ம சொல்றத எழுதிக்குவாங்க. என்னுங்க? அந்த ஃபோட்டோவா?

அதைத்தான் எல்லாரும் கேப்பாங்க. நடுவுல கோட்டுப் போட்டு கையில கோழிக்குஞ்சு வச்சிருக்கறது நான்தான். அப்ப முடி இருந்துச்சு. பக்கத்துல சிரிக்கறாரே, அவரு எங்க டீன். அந்தக் கூண்டுக்கு அந்தப் பக்கம், ஃபோட்டோ ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியுதுங்களா? தட்டைப் பிடிச்சிருக்கற கை. அது ஆகெர்னெஷ் கை. ஃப்ரேம் போடறப்ப கடைக்காரன் வெட்டிட்டான். நான் வெட்டச் சொல்லலீங்க. அளவு பத்தலைன்னு அவனே வெட்டிட்டான்.

இருங்க. மரகதம், என் வீட்டுக்காரி, டீ கொண்டாரா. குடிங்க. அவ உள்ள போகட்டும்.

போயிட்டா. அவகிட்ட இதையெல்லாம் நான் சொன்னதில்ல. கோழி செத்துப் போச்சு, நோய் வந்துச்சுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். நோய் வந்தது நெசந்தான். பொய் சொல்லலீங்க. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க அங்க போனா விசயம் தெரிஞ்ச பழைய பசங்கள்ல யாராவது ஒருத்தர் சொல்லத்தான் போறாங்க. நாமக்கல்லுல இருந்து ஒரு வாத்தியார் வந்தாரு, அவரால ஒரு பொண்ணுக்கு வேலையும் போச்சு பேரும் போச்சுன்னு. அவங்க வாயால கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா நல்லதில்லீங்களா?

அங்க பசங்களே நடத்தற குழு ஒண்ணு இருக்குதுங்க. கடைசி வருசத்துப் பசங்க ஒரு தெருவையோ ஒரு பேட்டையையோ எடுத்துக்குவாங்க. அங்க இருக்கற சனங்களுக்கு ஒரு தொழில் சொல்லிக் குடுப்பாங்க. ஒரு வருசம் சோப்பு, ஒரு வருசம் தையல். யோசிக்கறது, படிச்சுக் குடுக்கறது, ஓடறது, அலையறது எல்லாம் பசங்க. வாத்தியார் ஒருத்தர் ஆலோசகர்னு பேருக்கு இருப்பாரு. கையெழுத்துப் போடறதுதான் அவரு வேலை. அந்த வருசம் கோழி வளர்ப்புன்னு முடிவாச்சு. ஆலோசகர் யாருன்னு பேச்சு வந்ததும் டீன் நேரா என்னைப் பாத்தாரு. ஏன்னா சேர்ந்த அன்னையில இருந்து நான் எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். எங்க ஊரு முட்டை ஊரு, எங்க மாமனாருக்குப் பண்ணை, நாமக்கல்காரனுக்குக் கோழியைப் பத்தி யாரும் சொல்லித்தர வேண்டாம்னு. நான் நடத்தின பாடம் என்ன தெரியுங்களா? மார்க்கெட்டிங். சிரிக்காதீங்க தம்பி.

குழுவுக்குத் தலைவி ஆகெர்னெஷ். அதே பேட்டையில பிறந்து வளர்ந்த பொண்ணு. ஒல்லியா, உயரமா, எப்பவும் ஒரு வெள்ளைத் துணியைத் தோள்ல சுத்தியிருப்பா. வகுப்புல முதல் மார்க். அந்த நாட்டுல முதல் மார்க் வாங்கற பசங்களை அதே யூனிவர்சிட்டியிலயே உதவி ஆசிரியரா வச்சுக்குவாங்க. அவளுக்கு அந்த வேலை எழுதி வச்ச மாதிரி. அந்தப் பேட்டையில இருந்து யூனிவர்சிட்டிக்குள்ள வாத்தியாரம்மாவா போகப் போற முதல் ஆளு. அவங்க சின்னம்மா ஸெனெபெச் என்னைப் பாக்கறப்பவெல்லாம் இதைத்தான் சொல்லும். எங்க பொண்ணு டீச்சர் ஆகப் போறா, எங்க பொண்ணு டீச்சர் ஆகப் போறான்னு.

பன்னெண்டு பொம்பளைங்க பயிற்சிக்கு வந்தாங்க. எல்லாம் அவ சொன்னதுக்காக வந்தவங்க. எனக்காகவா வருவாங்க? ஸெனெபெச் தன்னோட ஒரே செம்மறியை வித்துக் கூண்டு கட்டுச்சு. ஒருத்தி சந்தையில உக்காந்து வெங்காயம் விக்கற இடத்தையே தங்கச்சிக்கு விட்டுட்டு வந்தா. கோழி வந்தா வெங்காயம் எதுக்குன்னு.

இப்ப காப்பி விசயம் சொல்லோணும். அங்க காப்பின்னா நம்ம மாதிரி டபராவுல ஊத்தி மடக்குன்னு குடிச்சுட்டுப் போறதில்ல. கொட்டையைக் கண்ணு முன்னாடி வறுத்து, இடிச்சு, காய்ச்சி, மூணு சுத்து குடுப்பாங்க. முதல் சுத்துல சௌக்கியமா, மழை பெய்ஞ்சுதா. ரெண்டாவதுல ஊர்க்கதை. மூணாவதுலதான் பேச வேண்டியதைப் பேசுவாங்க. பசங்க குழுவுல ஒரு பழக்கம் என்னன்னா, எந்தப் பயிற்சியா இருந்தாலும் அந்தப் பொம்பளைங்ககூட உக்காந்து மூணு சுத்துக் காப்பி குடிச்சு, தேதியை அவங்க வாயால வாங்கிக்கிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. ஆகெர்னெஷ் என்னையும் கூட்டிட்டுப் போனா. முதல் சுத்து முடிஞ்சதும் நான் எழுந்துட்டேன். வகுப்பு இருக்குதுன்னு சொன்னேன். வகுப்பு இல்லீங்க. சாம்பிராணிப் புகை, முக்காலியில முதுகு வலி, யாரு அங்க ரெண்டு மணி நேரம் உக்கார்றது?

மக்யா நாளு விடிஞ்சதும் ஆகெர்னெஷ் என் ரூமுக்கு வந்தா. "சார், குஞ்சுகளை இப்ப வாங்க வேண்டாம். ரெண்டு மாசம் தள்ளி வாங்கலாம்னு அம்மாங்க சொல்றாங்க"ன்னா.

"ஏம்மா?"

"இப்ப வாங்கினா, முட்டை விட ஆரம்பிக்கறப்ப எங்க சர்ச்சோட பெரிய விரதம் வந்துடும் சார். அம்பத்தஞ்சு நாளு. யாரும் முட்டை தொட மாட்டாங்க. ரெண்டு மாசம் தள்ளினா விரதம் முடியற பண்டிகைக்குச் சரியா முட்டை வரும். பண்டிகை அன்னைக்குக் கோழிக்குழம்புல முழு முட்டை போடாத வீடே கிடையாது."

கணக்குப் போட்டு ஒரு தாள்ல எழுதியே கொண்டாந்திருந்தா. குஞ்சுக்கு எத்தனை வாரம், விரதம் எந்த வாரம், எல்லாம் கோடு போட்டு.

நான் சிரிச்சேன் தம்பி. "எங்க ஊர்லயும் விரதம் உண்டும்மா. புரட்டாசின்னு ஒரு மாசம். பெருமாளுக்கு. அப்பவும் முட்டை விக்கும். விலைதான் கொஞ்சம் இறங்கும்"னு சொன்னேன். நம்ம கதை அப்படித்தானே? புரட்டாசியில விலை இறங்குது, பண்ணைக்காரன் புலம்பறான், ஆனா லாரி நிக்குதா? கேரளாவுக்குப் போகுது, சத்துணவுக்குப் போகுது. வீட்டுல விரதம் இருக்கறவனே பஸ் ஸ்டாண்டுல ஆஃப்பாயில் திங்கறான். நான் அதைத்தான் நெனச்சேன். ஒரு நாமக்கல்காரன் வேற எப்படி நெனப்பான், சொல்லுங்க?

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா. "சார், இங்க கறிக்கடையே பூட்டிடுவாங்க சார்."

"நான் பாத்துக்கறேன் போ"ன்னேன்.

சரி, நெசத்தைச் சொல்றேன். புரட்டாசி மட்டும் காரணமில்ல. எனக்குக் கார்த்திகையில கான்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்கறதுக்கு முன்னாடி டீன் கண்ணுல ஏதாவது ஒண்ணு படோணும். திறப்பு விழா, ரிப்பன், பேப்பர்ல ஃபோட்டோ. ரெண்டு மாசம் தள்ளிப் போட்டா அப்ப நான் அங்க இருப்பனா ஊருக்குத் திரும்பியிருப்பனான்னே தெரியாது. ரெண்டு பொண்ணுங்களும் காலேஜ்ல. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? எல்லாரும் செய்யறதைத்தான் நான் செஞ்சேன்.

ஐப்பசி கடைசியில விழா நடந்துச்சு. ஆளுக்கு இருபது குஞ்சு. ஒண்ணரை மாசத்துக் குஞ்சுங்க, ஒவ்வொண்ணும் கையில பொம்மை கணக்கா உக்காந்துச்சு. டீன் என் தோள்ல கை போட்டாரு. கான்ட்ராக்ட் புதுப்பிச்சாச்சு.

பசங்க உழைச்சாங்க தம்பி. அதைச் சொல்லாம விடக்கூடாது. தீவனம் கலக்கறது எப்படி, தண்ணித் தட்டு எந்த உயரத்துல வைக்கோணும், சீக்குக் கோழியை எப்படிப் பிரிக்கறது, எல்லாம் வீடு வீடாப் போய்ச் சொல்லிக் குடுத்தாங்க. ஆகெர்னெஷ் ஒரு நாளு விடாம போவா. பரீட்சை அன்னைக்குக்கூட காலையில ஒரு சுத்துப் போயிட்டுத்தான் வந்தா. கோழிங்க நல்லா வந்துச்சு. தை கடைசியில ஒண்ணு ரெண்டு முட்டை விட ஆரம்பிச்சுது. ஸெனெபெச் முதல் முட்டையை எனக்குக் குடுத்தனுப்பிச்சு. நான் ஆம்லெட் போட்டுத் தின்னேன்.

மாசியில முட்டை கொட்ட ஆரம்பிச்ச வாரம் விரதம் வந்துச்சு.

நின்னுபோச்சு தம்பி. விலை இறங்கல, யாவாரமே நின்னுபோச்சு. சந்தையில முட்டைக்கூடையோட உக்காந்தா சனங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க, ஏதோ செய்யக்கூடாததைச் செய்யற மாதிரி. யூனிவர்சிட்டி மெஸ்லயும் விரதச் சாப்பாடு. பால் இல்ல, நெய் இல்ல, முட்டை இல்ல. விரதம் இல்லாத வீடு ஊருக்குள்ள நாப்பது அம்பது இருந்துச்சு. அவங்ககிட்ட சொந்தக் கோழி இருந்துச்சு. நானே தெனமும் ஆறு முட்டை வாங்கித் தின்னேன். இதைப் போய் யார்கிட்டயாவது சொல்ல முடியுமா? ஒரு மனுசன் எத்தனை முட்டை திம்பான்?

கோழியை வித்துடலாம்னா, கறியும் யாரும் திங்க மாட்டாங்க. கோழிக்கு விரதம் தெரியுமா? அது பாட்டுக்குத் திங்குது, விடுது. தீவனம் வாங்கக் கையில ஒண்ணுமில்ல. அந்தப் பொம்பளைங்க தங்களோட வீட்டுத் தானியத்தைப் போட்டுப் பாத்தாங்க. பொறகு அதுவும் முடியல. கோழி இளைச்சுப் போச்சு. அஞ்சாவது வாரம் வெள்ளைக்கழிச்சல் வந்துச்சு. தெம்பா இருக்கற கோழி தாக்குப் பிடிச்சிருக்கும். இதுங்க கழுத்தைத் திருகிக்கிட்டு வரிசையா விழுந்துச்சு. ஆகெர்னெஷ் குழி வெட்டிக்கிட்டு இருந்தா, நான் போய்ப் பாத்தேன். என்னைப் பாத்ததும் கைமண்ணைத் தட்டிட்டு எழுந்து நின்னா. வாத்தியார் வந்தா எழுந்து நிக்கோணும்ல.

அந்தப் பொண்ணு, "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா, நானும் கோவப்பட்டிருப்பேன், திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். கேக்கவே இல்ல.

பொறகு அறிக்கை எழுதச் சொன்னாங்க. டீன் தோள்ல கையெல்லாம் போடல இப்ப. யாரு தேதி வச்சதுன்னு எழுத்துல ஓணும்னாரு. நான் மூணு நாளு யோசிச்சேன். யோசிக்காம எழுதிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. 'உள்ளூர் வழக்கங்களை மாணவர் தலைவி உரிய காலத்தில் ஆலோசகரிடம் எடுத்துச் சொல்லவில்லை'ன்னு எழுதினேன். அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அவ மார்க்கைப் பத்தியோ குணத்தைப் பத்தியோ தப்பா ஒரு எழுத்து எழுதல.

அறிக்கையில அவளும் கையெழுத்துப் போடோணும். ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சேன். நான் கெஞ்சலீங்க. நிலைமையைச் சொன்னேன். எனக்கு ரெண்டு பொண்ணு, பெரியவளுக்கு இன்னும் ஒரு வருசம், சின்னவளுக்கு மூணு வருசம், இந்த வேலை போனா ரெண்டு பேரும் பாதியில நிக்கோணும்னு சொன்னேன். பர்ஸ்ல இருந்து பொண்ணுங்க ஃபோட்டோவை எடுத்துக் காட்டினேன். அவ ஃபோட்டோவைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தா. "அழகா இருக்காங்க சார்"ன்னா. அறிக்கையை ரெண்டு தடவை படிச்சா. கையெழுத்துப் போட்டா.

அந்த வருசம் உதவி ஆசிரியர் வேலை ரெண்டாவது மார்க் வாங்கின பையனுக்குப் போச்சு. பொறுப்பில்லாத பொண்ணுன்னு கமிட்டியில பேசினாங்களாம். நான் அந்தக் கமிட்டியில இல்ல. இருந்திருந்தா பேசியிருப்பேன். பேசியிருப்பனுங்களா? தெரியல தம்பி. உங்ககிட்ட என்ன, எனக்கே தெரியல.

என் பொண்ணுங்க ரெண்டும் படிச்சு முடிச்சுட்டாங்க. பெரியவ பெங்களூர்ல, சின்னவ இங்கயே பேங்க்ல. பேத்தி காதுகுத்துக்கு எல்லாரும் சிரிச்சுட்டு இருக்காங்க, நான் கொல்லைப்பக்கம் போய் நின்னுட்டேன். சக்கரை கூடிடுச்சான்னு மரகதம் கேக்கறா.

ஆகெர்னெஷ் இப்ப எங்க இருக்கான்னு கேக்கறீங்க. தெரியாதுங்க. அடுத்த வருசமே ஊரை விட்டுப் போயிட்டா. தலைநகரத்துல ஏதோ கடையில இருக்கான்னு ஒருத்தன் சொன்னான். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டான்னு இன்னொருத்தன் சொன்னான். நான் மேல விசாரிக்கல. விசாரிச்சா சொல்லிடுவாங்களோன்னு ஒரு பயம்.

வேலை போனதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்குவேன் தம்பி. படிப்பு இருக்கு, வேற வேலை கிடைச்சிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். நான் தூக்கம் கெட்டுக் கிடக்கறது அதுக்கு இல்ல. அந்தப் பொம்பளைங்க கூட்டம் ஒண்ணு நடந்துச்சு. அதுக்குத்தான்.

பண்டிகை முடிஞ்ச வாரம். பன்னெண்டு பேரும் ஸெனெபெச் வீட்டு வாசல்ல உக்காந்துட்டு எங்களை வரச் சொன்னாங்க. காப்பி போட்டாங்க. இந்தத் தடவை நான் எழுந்து போகல. போக முடியுமா? மூணாவது சுத்து வந்துச்சு. அந்த வெங்காயக்காரப் பொம்பளை கிண்ணியைக் கீழ வச்சுட்டு ஆகெர்னெஷைப் பாத்துக் கேட்டுச்சு. நாங்க வேண்டாம்னு சொன்ன தேதியை வச்சது யாருன்னு. "மன் நவ்?" அப்படின்னுச்சு. யாரு அதுன்னு அர்த்தம்.

எனக்கு நல்லாப் புரிஞ்சுது தம்பி. ஏன்னா நான் குடியிருந்த காம்பவுண்டுல ஒரு காவக்காரரு. தெனமும் சாயங்காலம் நான் கேட்டைத் தட்டினா உள்ள இருந்து "மன் நவ்?"னு குரல் குடுப்பாரு. நான் "இனெ நெஞ்"னு சொல்வேன். நான்தான்னு அர்த்தம். அவ்வளவுதான், ரெண்டே வார்த்தை. ரெண்டு வருசமாத் தெனமும் சொல்லிச் சொல்லி நாக்குல பழகின வார்த்தை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அன்னைக்குப் பன்னெண்டு பேரும் உக்காந்து பாக்கறாங்க. நான் காப்பிக் கிண்ணியையே பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஆகெர்னெஷ் சொன்னா. "இனெ நெஞ்"ன்னா.

ஒருத்தரும் கத்தல. ஸெனெபெச் மட்டும் அவளைப் பாக்காம எழுந்து உள்ள போயிடுச்சு. மத்தவங்க ஒவ்வொருத்தரா என் கையைப் பிடிச்சுக் கும்பிட்டுட்டுப் போனாங்க. பாவம், வெளியூர்க்காரரு, இந்தப் பொண்ணை நம்பி இவருக்கும் கெட்ட பேருன்னு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. அதுவும் எனக்குப் புரிஞ்சுது.

ஆகெர்னெஷ் ரோட்டு வரைக்கும் என்னைக் கொண்டுவந்து விட்டா. ஆட்டோவுக்கு நின்னோம். அவ ரோட்டைப் பாத்துக்கிட்டே கேட்டா. "சார், அவங்க என்ன கேட்டாங்கன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"இல்லையேம்மா, என்ன கேட்டாங்க?"ன்னேன்.

அவ திரும்பி என் மூஞ்சியைப் பாத்தா. "ஒண்ணுமில்ல சார். உங்க பொண்ணுங்க சௌக்கியமான்னு கேட்டாங்க"ன்னா.

எனக்கு அந்தப் பாஷையைச் சொல்லிக் குடுத்ததே அவதானுங்க தம்பி.